இர்மா செட்லாக் சொன்ன உண்மை

இர்மா செட்லாக்குக்கு வாய் சும்மா இருக்காது. மார்லோ ஃபெர்ரியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அமெரிக்காவில் மொனாங்கஹேலா ஆற்றங்கரையில் எஃகு ஆலை மூடியபின் பாதி காலியாகிப்போன ஊர் அது. யார் வீட்டில் என்ன விசேஷம், யார் பிள்ளைக்கு எங்கே வேலை கிடைத்தது என்பதெல்லாம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இர்மாவின் கரண்டி வழியாகத்தான் ஊருக்குப் பரவும். இருபத்தாறு வருஷம் அங்கே சமைத்தாள். பேச்சு அதிகமே தவிர, பொல்லாத பேச்சு கிடையாது. ஒருவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் எட்டு வார்த்தை சொல்லுவாள். பொய் சொல்லத் தெரியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கணவன் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஓர் இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். ஒரு பாதியில் அவள் இருந்தாள்; மறுபாதியை வாடகைக்கு விட்டாள். 2001ஆம் வருஷம் அந்த மறுபாதிக்குக் குடிவந்தவர்கள்தான் லவோன் டீக்கும் ஆரின் பீபிள்ஸும்.

லவோனுக்கு அப்போது நாற்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் ஒத்துழைக்காது. இடது கையும் பாதிதான் வேலை செய்யும். சக்கர நாற்காலிதான் எல்லாம். காலையில் படுக்கையிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி நாற்காலியில் உட்கார வைக்க டெஸ் என்ற பணிப்பெண் வருவாள். ஆரினுக்கு நாற்பத்தாறு. ஆலையில் உருகிய இரும்பு தெறித்து, முப்பத்தொன்பதாம் வயதில் இரண்டு கண்ணும் போனது. ஊனமுற்றோர் சங்கத்துக் கூட்டமொன்றில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். அவன் நாற்காலியைத் தள்ளுவான். அவள் வழி சொல்லுவாள்.

"இடது பக்கம் கம்பம் இருக்கு, ஆரின்."

"உன் இடதா, என் இடதா?"

"நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் பாத்துக்கிட்டிருக்கோம், மடையா!"

இப்படிச் சிரித்துக்கொண்டே அவர்கள் தெருவில் போவதைப் பார்க்க இர்மாவுக்கு அலுக்கவே அலுக்காது. முதல் கிறிஸ்துமஸுக்கு ஒரு மரப்பலகை வாங்கி, 'பீபிள்ஸ் தம்பதி' என்று நீல எழுத்தில் எழுதி, தானே ஏணி போட்டு ஏறி அவர்கள் வாசலில் மாட்டினாள். லவோன் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு, இர்மா. ஆனா உள்ளே மாட்டிக்கலாமே? நாங்க கல்யாணம் பண்ணிக்கலே. காகிதத்துல நாங்க ஒரே வீட்டைப் பங்கு போட்டுக்கிற ரெண்டு பேரு, அவ்வளவுதான். மனைவி கினைவின்னு வெளியில ரொம்பச் சத்தமா சொல்லாதீங்க."

"அடப் போம்மா, இந்த வயசுல என்ன வெட்கம்!" என்றாள் இர்மா. பலகை வாசலிலேயே இருந்தது. பரிசு கொடுத்தவள் மனம் நோகக் கூடாதென்று லவோனும் விட்டுவிட்டாள்.

இரண்டாவது வருஷம் அக்டோபரில் ஒரு பிற்பகல் தொலைபேசி மணி அடித்தது. அடுப்பில் முட்டைக்கோஸ் உருண்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. பேசியவள் உதவித்தொகை அலுவலகத்துப் பெண். இனிமையான குரல். லவோன் டீக்கின் வருடாந்திரப் பரிசீலனை நடக்கிறது, வீட்டுக்காரரிடம் சில விவரங்கள் கேட்க வேண்டும் என்றாள். வாடகை ஒழுங்காக வருகிறதா, வீடு எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டபின் அதே குரலில் அடுத்த கேள்வி வந்தது.

"ஊருல அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியாத்தான் பழகறாங்களா?"

"பின்னே? இந்தத் தெருவுலயே அப்படி ஒரு ஜோடி கிடையாதும்மா. அவர் அவளுக்கு சூப் ஆத்திக் கொடுக்கறதை நீங்க பார்க்கணும். வாசல்ல பலகையே இருக்கு, 'பீபிள்ஸ் தம்பதி'ன்னு. நான்தான் எழுதினேன்!"

"அந்தப் பேரு வேண்டாம்னு அவங்க சொல்லலையா?"

இர்மா ஒரு நொடி தயங்கினாள். உள்ளே மாட்டிக்கொள்ளலாமே என்று லவோன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த இருவருக்கும் கெட்ட பெயர் வந்துவிடப் போகிறதே என்று நினைத்தாள். "எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்? சந்தோஷமாத்தான் இருக்காங்க" என்றாள். நன்றி சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள். நல்ல சாட்சி சொன்ன திருப்தியோடு இர்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, லவோனின் உதவியை நிறுத்தப்போவதாகக் கடிதம் வந்தது. சமையலறை மேசைமேல் அதை வைத்துக்கொண்டு லவோன் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் ஆரின் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இர்மா உள்ளே நுழைந்ததும், "யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க, இர்மா" என்றாள் லவோன்.

விஷயத்தை இர்மா அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டாள். ஆரினுக்கு வருவது அவன் ஆலையில் உழைத்தபோது கட்டிய வரியிலிருந்து வரும் ஓய்வூதியம். லவோன் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அவளுக்கு வருவது ஏழைகளுக்கான உதவித்தொகை. அதோடு ஒட்டிக்கொண்டு வருவது மருத்துவ அட்டை. டெஸ்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது அந்த அட்டைதான். இருவரும் தனித்தனி ஆட்களாக இருக்கும்வரை இது ஓடும். திருமணம் செய்துகொண்டால், அல்லது செய்துகொண்டவர்கள் போல ஊரில் பழகினால், அவன் பணம் அவள் கணக்கில் சேரும். சேர்ந்தால் அவள் ஏழை இல்லை. ஏழை இல்லையென்றால் அட்டை இல்லை.

"டெஸ் வராட்டி நான் படுக்கையை விட்டே எழுந்திருக்க முடியாது. ஆரின் கண் தெரியாம என்னைத் தூக்கப் போயி, ரெண்டு பேரும் கீழே விழுந்து கிடப்போம்" என்றாள் லவோன். "நான் மறைச்சேன்னு வேற எழுதியிருக்காங்க. எங்களைப் பத்தி அவ்வளவு தெளிவா சொல்லத் தெரிஞ்ச ஆளு யாரு இங்கே?"

"எமில்" என்றான் ஆரின். "வேற யாரு?"

எமில் ஹோரக் பக்கத்து வீட்டுக்காரர். எழுபது வயது. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கக் காசோலையில் சாப்பிடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வேலியோரம் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுப்பார். லவோனின் சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசலில் சரிவுப் பலகை அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அடித்து முடிக்கும்வரை "என் வரிப்பணம், என் மரம், என் ஆணி" என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

"அவரா இருக்குமா, இர்மா?" என்று லவோன் கேட்டாள்.

நான்தான் என்று சொல்ல இர்மா வாயைத் திறந்தாள். ஆயுசு முழுக்க மூடாத வாய். அதிலிருந்து வந்தது வேறு.

"இருக்கும். அவர் செய்யக்கூடியவர்தான்."

சொல்லிவிட்டு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்ததாக ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லி வீட்டுக்கு ஓடினாள். அவள் வீட்டில் அன்று பாலே இல்லை.

இலவச சட்ட உதவி மையத்திலிருந்து அடெய்ர் என்ற வழக்கறிஞர் வந்து மேல்முறையீடு எழுதிக் கொடுத்தாள். முடிவு வரும்வரை உதவி நிற்காது என்றாள். விசாரணை பிப்ரவரியில். அதுவரை மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் தெருவே எமிலுக்கு எதிராகத் திரும்பியது. தீயணைப்பு நிலைய மண்டபத்தில் புதன்கிழமை சீட்டாட்டத்தில் அவருக்குச் சீட்டுப் போடவில்லை. பனி கொட்டிய நாட்களில் ஆளுக்கொரு மண்வெட்டியோடு தெரு முழுக்க வாரிய பையன்கள் அவர் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். டெஸ் காலையில் வரும்போது அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினாள். யாரும் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பனி வாருவதை இர்மா ஜன்னல் வழியே பார்த்தாள். பொறுக்க முடியாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

எமில் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, நீ மட்டும் வந்திருக்கே? எனக்குத் தொத்து வியாதி வந்திருக்குன்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

"சும்மா வாருங்க, எமில்."

"நல்ல பொம்பளை நீ. ஊருல ஒருத்தியாவது இருக்கியே."

அந்த வார்த்தை இர்மாவை அன்று தூங்கவிடவில்லை. அதற்கடுத்த பல நாட்களும் விடவில்லை. தினமும் ஒரு பாத்திரத்தில் சூப்போ, ரொட்டியோ எடுத்துக்கொண்டு லவோனிடம் போவாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவாள். காலிப் பாத்திரத்தோடு திரும்புவாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "இர்மா ஆன்ட்டிக்குத் தொண்டை கட்டிப்போச்சா?" என்று கேட்கும் அளவுக்குப் பேச்சு குறைந்தது. தேவாலயத்தில் பாவமன்னிப்பு வேண்டும் பகுதி வரும்போது மட்டும் உதடு அசைந்தது. ஆனால் அங்கே குறிப்பாக எதையும் சொல்லத் தேவையில்லை என்பதால் அதுவும் ஒத்தடம் கொடுக்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் ஆரின் மருத்துவரிடம் போயிருந்தான். லவோன் தனியாக இருந்தாள். இர்மா பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"நான்தான், லவோன். அந்தப் பொண்ணு போன்ல கேட்டா. நான்தான் எல்லாம் சொன்னேன். எமில் இல்லே."

லவோன் அவளை நிதானமாகப் பார்த்தாள். "தெரியும். அடெய்ர் என் கோப்பைக் கொண்டுவந்து காட்டினா. நீங்க சொன்னது வரிக்கு வரி அதுல இருக்கு. பலகை சமாச்சாரம் உட்பட. பதினேழு நாளா நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் என் சூப்பை வாங்கிச் சாப்பிட்டே?"

"பசிச்சுது."

இர்மா அழுதாள். லவோன் அழவில்லை.

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதுக்கு எனக்குக் கோபம் வர மாட்டேங்குது, இர்மா. கோபப்பட எவ்வளவோ முயற்சி பண்ணினேன். உண்மையைத்தானே சொன்னீங்க? எங்களைப் பத்தி இவ்வளவு அழகா யாருமே எழுதினதில்லே. ஆனா எமில் பேரை நாங்க சொன்னப்போ ஆமான்னு தலையாட்டினீங்களே, அதைத்தான் என்னால முழுங்க முடியலே. அந்தக் கிழவர் அடிச்ச பலகை மேலதான் நான் தினமும் ஏறி இறங்கறேன்."

இர்மா அங்கிருந்து நேராகப் போய் எமில் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் கதவைப் பாதி திறந்தபடியே முழுவதும் கேட்டார். கேட்டபின் வெகுநேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓ. என்னைத்தான் சொன்னாங்களா? நான் ஏதோ என் வாய்க்காகத்தான் ஒதுக்கறாங்கன்னு நெனச்சேன்." பிறகு சொன்னார்: "அன்னைக்குப் பனி வார வந்தியே, உன்னை நல்ல பொம்பளைன்னு சொன்னேன். அதை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

கதவு மூடியது.

புதன்கிழமை சீட்டாட்டத்துக்கு இர்மாவே போய், எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஆட்டம் நின்றது, அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து எமிலுக்குச் சீட்டுப் போட்டார்கள். அவர் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து, எல்லோரையும் ஜெயித்துவிட்டு, அதன்பின் வரவே இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் விசாரணை. அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, நீள மேசை, தண்ணீர்க் கூஜா, சுழலும் ஒலிப்பதிவுக் கருவி. விசாரணை அதிகாரி நரைத்த மனிதர். குரலில் கடுமை இல்லை. எல்லோரிடமும் சத்தியப் பிரமாணம் வாங்கினார். முதலில் இர்மாவைக் கேட்டார்.

"அவங்க தங்களைக் கணவன் மனைவின்னு உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லீங்க. ஒரு தடவைகூட இல்லே. வெளியில அப்படிச் சொல்லாதீங்கன்னுதான் சொன்னாங்க. பலகை என் வேலை. பேச்சும் என் வேலை. அவங்க வாயிலேர்ந்து வரலே." இது முழுக்க உண்மை. அக்டோபரில் சொல்லாமல் விட்டதும் இதுதான். அடெய்ர் மேசைக்கடியில் இர்மாவின் கையை அழுத்தினாள். வழக்கு தங்கள் பக்கம் சாய்வது போலிருந்தது.

அடுத்தது ஆரின்.

"மிஸ் டீக் உங்க மனைவியா?"

ஆரின் முகத்தை நேராக வைத்துக்கொண்டான். "இல்லீங்க. வீட்டைப் பங்கு போட்டுக்கிறோம். சமையலறை பொது. அவங்களுக்கு வழி சொல்லத் தெரியும், எனக்குத் தள்ளத் தெரியும். அவ்வளவுதான்."

அந்த 'அவங்களுக்கு' என்ற மரியாதைச் சொல்லைக் கேட்டு இர்மா தலையைக் குனிந்துகொண்டாள். லவோனைக் காப்பாற்றத்தான் அவன் அப்படிச் சொல்கிறான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதிகாரிக்கும் தெரிந்திருக்கலாம். ஆரினின் விரல்கள் பேன்ட்டின் மடிப்பைத் திருகிக்கொண்டே இருந்தன.

"மிஸ் டீக், நீங்க சொல்லுங்க. இவர் உங்களுக்குக் கணவரா?"

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். லவோன் ஆரின் பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்க முடியாது என்பதை ஒரு கணம் மறந்துவிட்டவள் போல அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

"லவோன்!" என்றான் ஆரின்.

"முடியலே, ஆரின். வாடகைக்கு, சாப்பாட்டுக்கு, படிவத்துல நீ யாரோ, நான் யாரோன்னு எழுதிட்டேன். பேனாவால எழுதறது வேற. நீ பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கும்போது நீ எனக்கு யாருமில்லேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினார். "எனக்கு வருத்தமா இருக்கு. ஆனா விதியை நான் எழுதலே" என்றார். மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. அவர்கள் தோற்றார்கள்.

இனி ஒரே வழிதான். ஒரே கூரையின்கீழ் இல்லையென்றால் அவர்கள் தம்பதி ஆகமாட்டார்கள். அடுத்த மாதமே உதவியும் அட்டையும் திரும்பி வரும். ஆரின் ஆற்றுக்கு அக்கரையில் ஊனமுற்றோருக்கும் முதியோருக்கும் கட்டியிருந்த மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் ஓர் அறை எடுத்தான். சாமான்களை ஏற்ற எமில் தன் லாரியைக் கொண்டுவந்தார். இர்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரினின் நாற்காலியைத் தூக்கி வைக்கும்போது மட்டும், "என் வரிப்பணத்துல ஒரு வீடு போதாதுன்னு இப்போ ரெண்டு வீடு. நல்லா இருக்கு அரசாங்கம்!" என்றார். ஆரின் சிரித்தான். லவோன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அன்றைக்கே இர்மா ஏணி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினாள். வாடகையைப் பாதியாகக் குறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காரில் போய் ஆரினை அழைத்துவருவதைத் தன் கடமையாக்கிக்கொண்டாள். காலை வழிபாடு முடிந்ததும் கொண்டுவந்து விடுவாள். மாலை நான்கு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். எப்போதாவது ஓர் இரவு தங்கினால் ஒன்றும் ஆகாது என்று அடெய்ர் சொல்லியிருந்தாள். இர்மா அதைக் கேட்கத் தயாராக இல்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் அன்னைக்கு போன்லயும் நெனச்சேன்" என்பாள். "மறுபடியும் என்னால ஆகக் கூடாது."

ஆரின் கேலி செய்வான். "ஜெயில் காவலர் வந்துட்டாங்க, லவோன். என் தொப்பி எங்கே?" ஆனால் எழுந்து வருவான். அவள் பயம் அவனுக்குப் புரிந்தது. இப்படி ஒன்பது வருஷம் போனது. விதி மாறவில்லை.

2012 ஜனவரியில் ஒரு ஞாயிறு. மதியத்திலிருந்தே பனி பொழிந்துகொண்டிருந்தது. ஆரினுக்குச் சளி, நெஞ்சில் கரகரப்பு. லவோனின் சமையலறையில் சூடாக இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் இங்கேயே படுத்துக்கறேனே, இர்மா" என்றான். "ரோடு மோசமா இருக்கும்."

"நானும் அதான் சொல்றேன்" என்றாள் லவோன்.

"நான் மெதுவா ஓட்டறேன்" என்றாள் இர்மா. "வா, ஆரின்."

அவன் மேல்கோட்டைத் தேடினான். ஏழாவது மாடிவரை கூடப் போய், தேநீர் போட்டு வைத்துவிட்டு இர்மா திரும்பினாள். செவ்வாய்க்கிழமை காலை கட்டடக் காப்பாளர் கதவைத் திறந்தபோது ஆரின் கட்டிலில் இறந்து கிடந்தான். நிமோனியா என்றார்கள். திங்களன்று எந்நேரமோ போயிருக்கிறான். கூட ஒருவர் இருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் இர்மாவின் காதில் தங்கியது.

அடக்கம் முடிந்த வாரம் இர்மா லவோனின் சமையலறையில் போய் நின்றாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது. பத்து நாளில் எழுபத்தெட்டு ஆகியிருந்தாள்.

"ஏதாவது சொல்லு, லவோன். திட்டு. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறேன்னாவது சொல்லு."

லவோன் நாற்காலியைத் திருப்பினாள். கண்கள் வீங்கியிருந்தன. "திட்டினா நீங்க லேசா வீட்டுக்குப் போயிடுவீங்க. அதை என்னால செஞ்சு கொடுக்க முடியாது. தப்பில்லேன்னும் என்னால சொல்ல முடியாது. அவன் தங்கறேன்னு சொன்னான். நீங்க கேட்கலே. நான் அழுத்திச் சொல்லியிருக்கணும், நானும் சொல்லலே. விட்டுடுங்க."

இர்மா விடவில்லை. விடத் தெரியவில்லை. அதற்கப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த இளைஞன், பக்கத்துப் பகுதியில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டதற்குக்கூட, "எனக்குத் தெரியாது தம்பி, அவங்களையே கேளு" என்று கதவைச் சாத்தினாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளன்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

லவோன் இன்னமும் அந்த மறுபாதியில்தான் இருக்கிறாள். டெஸ் போய் வேறொரு பெண் வருகிறாள். எமில் இறந்துவிட்டார். சரிவுப் பலகையை இரண்டு முறை மாற்றியாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் இர்மா போய் வெங்காயம் அரிந்து கொடுப்பாள். இருவரும் தொலைக்காட்சியில் வானிலை பார்ப்பார்கள். சில நாள் லவோன் தானாகவே ஆரினைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அப்போது இர்மாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, சிரிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று லவோனின் முகத்தை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.